பாத்திக்குள் போன சிறுபோகம்

இந்தியாவும் பாகிஸ்தானும் சண்டை பிடித்தபோது, ஒட்டுசுட்டான் பக்கத்தில் அதனால் பாதிக்கப்பட்ட குடும்பம் எங்களுடையது ஒன்றுதான். குண்டு எதுவும் விழவில்லை. பட்டாளம் எதுவும் வரவில்லை. பெரியப்பா வானொலி கேட்டார், அவ்வளவுதான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது இருக்கும். யாழ்ப்பாணத்தில் அப்பாவின் பங்குக்கு வந்த தோட்டக் காணியில் ஒரு மாட்டைக் கட்டினால் அதன் வால் அடுத்தவன் காணிக்குள் போய்விடும். குளத்துக்குக் கீழே அரசாங்கம் வயல் கொடுக்கிறது என்று கேள்விப்பட்டு, அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு அப்பா வன்னிக்கு வந்துவிட்டார். அப்பாவின் தமையனான பெரியப்பா கலியாணம் கட்டாதவர். எங்களுக்குத் துணைக்கு என்று கூடவே வந்தவர், வந்த நாளிலிருந்து எங்களை ஆளத் தொடங்கிவிட்டார். அண்ணன் சொல்லுக்கு அப்பா மறுசொல் சொன்னதை நான் கேட்டதேயில்லை. அம்மா மறுசொல் வைத்திருந்தார், ஆனால் அதை அடுப்புக்குத்தான் சொல்வார்.

பெரியப்பா இளவயதில் கொழும்பில் ஒரு கடையில் நின்றவர். பெரிய சண்டைக் காலத்தில் யப்பான்காரன் கொழும்புக்குக் குண்டு போட்டபோது அங்கிருந்து பாதித் தூரம் நடந்தும் பாதித் தூரம் லொறியில் தொங்கியும் ஊர் வந்து சேர்ந்தவர். அதன் பிறகு அரிசிக்குப் பங்கீடு வந்ததும், வீடு வீடாக உத்தியோகத்தர்கள் வந்து நெல் போட்டுவைக்கும் கொம்பறையைத் திறந்து பார்த்து, தலைக்கு இவ்வளவு என்று விட்டுவிட்டு மிச்ச நெல்லைக் கொண்டு போனதும், மரவள்ளிக்கிழங்கைத் தின்று தின்று அதன் பெயரைக் கேட்டாலே வயிறு புரண்டதும் அவர் திரும்பத் திரும்பச் சொல்லும் கதைகள். சோறு முன்னால் இருக்கும்போதுதான் சொல்வார். நாங்கள் ஒரு பருக்கை மிச்சம் விடாமல் தின்போம்.

அந்த வருடம் கோடை விதைப்பான சிறுபோகம் வாய்த்துவிட்டது. குளத்தில் தண்ணீர் கடைசிவரை நின்றது, யானையும் ஏனோ எங்கள் பக்கம் வரவில்லை. நெல் அடித்துக் காயவைத்து மூட்டை கட்டி வீட்டுக்குள் அடுக்கியபோது நடக்க இடமில்லாமல் நான் மூட்டைகளின் மேலேயே படுத்தேன். விதைநெல் போக, மாசியில் அடுத்த வெட்டு வரும்வரை நாலு வயிறும் வாடாமல் இருக்க அது காணும் என்று அம்மா சொன்னார். வன்னிக்கு வந்து அம்மா நிம்மதியாகச் சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

சிரிப்பு ஒரு கிழமைதான் நின்றது. கூட்டுறவுச் சங்கக்கடையில் ஒரு வானொலி இருந்தது. பெரியப்பா மண்ணெண்ணெய் வாங்கப் போனவர், போத்தலை அங்கேயே மறந்துவிட்டு வெறுங்கையோடு வந்தார். இந்தியாவும் பாகிஸ்தானும் தொடங்கிவிட்டன என்றார். இனிச் சீனன் வருவான், அவனைத் தடுக்க அமெரிக்கன் வருவான், கப்பல் ஓடாது, அரிசி வராது, அரிசி வராவிட்டால் அரசாங்கம் எங்கே வரும்? எங்கள் வீட்டுக்குத்தான் வரும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அம்மா அடுப்புக்குச் சொன்னார். அடுப்பு கேட்டது, பெரியப்பா கேட்கவில்லை.

பெரியப்பாவுக்கு அரசாங்கத்தில் மட்டுமல்ல, குடியேற்றத்தில் இருந்த மற்றக் குடும்பங்களிலும் பயம். பஞ்சம் வந்தால் கடன் கேட்டு வருவார்கள், இல்லை என்று சொன்னால் காட்டிக்கொடுப்பார்கள் என்பது அவருடைய கணக்கு. அதனால் நெல்லை ஒளிப்பது மட்டும் போதாது, நெல் எங்களிடம் இல்லை என்று ஊரே நம்பவும் வேண்டும். இதற்கு அவர் போட்ட திட்டத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பும் வரும், கொஞ்சம் மரியாதையும் வரும்.

யாழ்ப்பாணத்து ஆட்கள் எங்கே போனாலும் வளவின் மூலையில் ஒரு பனம்பாத்தி போடாமல் இருக்கமாட்டார்கள். மண்ணை மேடாக்கிப் பனங்கொட்டைகளை நெருக்கி அடுக்கி, மேலே மண் போட்டு ஓலையால் மூடிவிட்டால், மாரி முடிய ஒவ்வொரு கொட்டைக்கும் ஒரு கிழங்கு இறங்கியிருக்கும். தையில் கிண்டி அவித்துத் தின்னலாம். நாங்களும் வருடாவருடம் ஊரிலிருந்து ஒரு சாக்குக் கொட்டை கொண்டுவந்து போடுவோம். பாத்தி போடும் காலமும் அதுதான். ஆகவே, நெல்லை நிலத்தில் புதைத்து அதற்கு மேலே ஒரு பனம்பாத்தி போட்டுவிட்டால், எந்த உத்தியோகத்தன் வந்து பார்த்தாலும் அது யாழ்ப்பாணத்தானின் கிழங்கு ஆசை என்றுதான் நினைப்பான்.

புதைப்பதற்கு ஊர் காலியாக வேண்டும். பக்கத்து ஊர்க் கோயிலில் பொங்கல் என்று ஒரு நாள் குடியேற்றமே புறப்பட்டது. நாங்கள் மட்டும் போகாமல் இருக்க வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வேண்டும் என்று பெரியப்பா தீர்மானித்தார். அது எனக்கென்று ஒதுக்கப்பட்டது. காலையிலிருந்து போர்வைக்குள் வேர்த்து ஒழுகியபடி கிடந்தேன். அடுத்த காணி மாமி கோயிலுக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்து, என் நெற்றியைத் தொட்டு, வேர்வையைக் கண்டு காய்ச்சல் விடுகிறது என்று அம்மாவுக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். மாமி எங்களுக்குச் சொந்தமில்லை. அவரும் எங்களைப் போல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தார் என்பதால் மாமி.

அவர்கள் தலை மறைந்ததும் போர்வையை எறிந்துவிட்டு எழும்பினேன். பெரியப்பாவும் அப்பாவும் வளவின் மூலையில் இடுப்பளவுக்குக் கிடங்கு வெட்டினார்கள். அடியில் தடி பரப்பி, அதன்மேல் வைக்கோல், அதன்மேல் பனையோலைப் பாய். மூட்டைகளைக் கிடத்தினார்கள். பூச்சி வராமல் இடையிடையே வேப்பிலை வைத்தார்கள். அதன்மேல் இன்னும் இரண்டு பாய், வைக்கோல், ஆற்று மணல். மணலின்மேல் பனங்கொட்டை அடுக்கும் வேலை எனக்கும் அம்மாவுக்கும். சாப்பாட்டுக்கென்று ஒரே ஒரு மூட்டை வீட்டுக்குள் நின்றது. விதைநெல்லும் மண்ணுக்குள் போனதில்தான் அம்மாவுக்கு மனமில்லை, அதற்கும் அடுப்பைத்தான் பார்த்தார். கோயிலால் திரும்பி வந்த மாமி எனக்கென்று கொத்தமல்லி அவித்துக் கொண்டுவந்தார். காய்ச்சலில்லாத வாயால் அந்தக் கசப்பைக் குடித்து முடித்தேன்.

மிச்சம் இருந்தது ஊரை நம்பவைக்கும் வேலை. அரிசி ஆலையடியில் சும்மா கிடந்த உமியைப் பெரியப்பா சைக்கிளில் சாக்குச் சாக்காகக் கொண்டுவந்திருந்தார், செங்கல் சுடப்போவதாகச் சொல்லி. அதை நெல்மூட்டை மாதிரிக் கட்டி, வாயில் மட்டும் இரண்டு கை நெல் போட்டுத் தைத்தார். இந்த மூட்டைகளைப் பட்டப்பகலில் வண்டியில் ஏற்றி, எல்லாரும் பார்க்கப் புளியங்குளத்துக்கு அனுப்புவது திட்டம். அங்கே ஒரு முதலாளிக்கு விற்றாயிற்று என்பது கதை. உண்மையில் அவருடைய சிநேகிதர் ஒருவரின் மாட்டுக்கொட்டிலுக்குத்தான் அது போகவேண்டும்.

வண்டி வைத்திருந்தவர் நானா. முல்லைத்தீவு முஸ்லிம் மனிதர், எங்கள் வயலுக்கு அடுத்த வயல் அவருடையது. நெல்லும் தேங்காயும் ஏற்றி இறக்கும் வியாபாரமும் செய்தார். பெரியவர் சிறியவர் எல்லாருக்கும் அவர் நானாதான். சண்டை தொடங்கியதிலிருந்து பெரியப்பா அவரைப் பாகிஸ்தானின் பிரதிநிதி மாதிரிப் பார்க்கத் தொடங்கியிருந்தார். வாய்க்கால் கரையில் கண்டால், உங்கட ஆட்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று விளக்கம் கேட்பார். நானா ஒருநாள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பதில் சொன்னார்.

"பாகிஸ்தான் எந்தப் பக்கம் எண்டும் எனக்குத் தெரியாது அண்ணை. எங்கட முல்லைத்தீவுக்கு அங்காலை கடல்தானே இருக்குது."

அப்படிப்பட்டவரிடம்தான் வண்டி கேட்டுப் போகவேண்டியிருந்தது, வேறு வண்டி இல்லை. நானா வந்தார். மூட்டையைத் தூக்கக் குனிந்தார். நெல்மூட்டைக்கு என்று முதுகை வளைத்து மூச்சைப் பிடித்துத் தூக்கியவர், மூட்டை இலேசாக மேலே வந்துவிட்டதில் இரண்டடி பின்னால் போனார். பெரியப்பா முகட்டைப் பார்த்தார். நானா மூட்டையையும் பெரியப்பாவையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, அடுத்த மூட்டையை ஒரு கையால் தூக்கினார்.

"நெல்லு நல்லாக் காஞ்சிருக்குது போல, அண்ணை. பஞ்சு மாதிரி இருக்குது."

"ஓம். இந்த முறை வெயில் கூடத்தானே," என்றார் பெரியப்பா.

நானா வேறொன்றும் கேட்கவில்லை. வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். பாரமில்லாத வண்டியை இழுத்த மாடுகள் அன்றைக்கு ஏறக்குறைய ஓடின. அதை ஊர் முழுக்கப் பார்த்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் உண்டென்று கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் பெரியப்பா மறைத்தது ஒரு போகத்தை.

நாங்கள் நெல்லை விற்றுவிட்டோம் என்ற செய்தியைக் கேட்டு ஊர் பொறாமைப்படும் என்றுதான் பெரியப்பா நினைத்தார். ஊர் பரிதாபப்பட்டது. இது அவருடைய கணக்கில் இல்லாதது. விதைக்கக்கூட வைக்காமல் அவ்வளவையும் விற்றிருக்கிறார்கள் என்றால் ஏதோ கடன் கழுத்தை நெரித்திருக்கிறது என்று மாமி முடிவு கட்டிவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமையே ஒரு சுளகு நிறைய அரிசியோடு, வேலியில் ஆள் நுழையும் பொட்டால் வந்தார். அம்மா வேண்டாம் என்றார். மாமி அதை வெட்கம் என்று விளங்கிக்கொண்டு, சுளகை என் கையில் தந்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் சுளகு வந்தது.

எங்கள் நெல் மண்ணுக்குக் கீழே கிடக்க, மாமியின் அரிசியை அம்மா உலையில் போட்டார். அந்தச் சோறு தொண்டைக்குள் இறங்கமாட்டேன் என்கிறது என்று முதன்முறையாக அடுப்பை விட்டுப் பெரியப்பாவின் முகத்துக்கே சொன்னார். பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டு தின்றார். கொடுக்கிறதைத் திருப்பிக் கொடுத்தால் சந்தேகம் வரும் என்றார். அப்பா பாதியில் கை கழுவினார்.

சண்டை மூன்று கிழமைக்கு மேல் நிற்கவில்லை. அதே வானொலி அதே சங்கக்கடையில் அதைச் சொன்னது. அப்பா வந்து சொல்லிவிட்டு, பாத்தியைத் திறப்போமா என்பது போல அண்ணனைப் பார்த்தார். பெரியப்பா சிரித்தார். பெரிய சண்டையிலும் இப்படித்தான் எத்தனையோ தரம் முடிந்தது முடிந்தது என்றார்கள், எதிரி இப்போதுதான் ஆயுதம் சேர்க்கிறான், கொஞ்சம் பொறு என்றார். சண்டை என்று வானொலி சொன்னபோது ஒரே சொல்லில் நம்பியவர், சமாதானம் என்று அது நாள் முழுக்கச் சொல்லியும் நம்பவில்லை. எங்கள் வீட்டில் மட்டும் சண்டை ஐப்பசிவரை நீடித்தது.

ஐப்பசியில் மழை இறங்கியது. வழமையைவிட முந்தி, வழமையைவிடப் பலமாக. புழுதியில் விதைக்கலாம் என்று உழுது வைத்தவர்களின் வயலெல்லாம் சேறானது. இனிச் சேற்று விதைப்புத்தான். அதற்கு நெல்லை ஊறவைத்து முளை கட்டவேண்டும். மழை விட்டிருந்த ஒரு மாலை நான் வாய்க்காலில் முகம் கழுவப் போனேன். கரை நெடுக விதைமூட்டைகள் தண்ணீருக்குள் கிடந்தன, ஓடாமல் தடியில் கட்டி, மேலே கல்லும் வைத்து. மாமி வீட்டு மூட்டையை அதன் நீலத் துணி முடிச்சில் தெரியும். நானாவின் மூட்டைகள் மற்றதைவிடப் பெரியவை. அவற்றின்மேல் காலை வைத்து அமத்தி விளையாடிவிட்டு வந்தேன்.

எங்கள் நாய் சாம்பல் மேட்டில் படுக்கிற நாய். மழையால் சாம்பல் கரைந்துபோக, அது பனம்பாத்தியின்மேல் போய்ப் படுக்கத் தொடங்கியது. ஈர மண்ணில் இப்படிச் சுருண்டு சுகமாகக் கிடக்கிறதே என்று எனக்கு வியப்பு. நான் வாய்க்காலுக்குப் போய்வந்த மறுநாள் காலை அம்மா அதைத் துரத்தப் போனவர், நாய் கிடந்த இடத்தில் கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. மற்றக் கையையும் வைத்தார்.

"இஞ்சை வாங்கோ," என்று அப்பாவைக் கூப்பிட்டார். "பாத்தி சுடுது."

நாய் படுத்த சூடாயிருக்கும் என்றார் பெரியப்பா. அம்மா பாத்தியின் மற்றத் தொங்கலுக்குப் போய்த் தொட்டார். அங்கேயும் சூடு. வெயில் பட்டிருக்கும் என்றார் பெரியப்பா. வெயிலைக் கண்டு நாலு நாள். அப்பா அண்ணனிடம் ஒரு சொல்லும் கேட்காமல் போய் மண்வெட்டியை எடுத்துவந்தார். அப்பா தானாக ஒரு முடிவு எடுத்ததை நான் கண்டது அதுதான் முதல் தடவை. பயந்துபோனேன்.

மணலை விலக்கியதும் விசயம் விளங்கிவிட்டது. தடி, வைக்கோல், வேப்பிலை, பாய் என்று எல்லாவற்றையும் யோசித்த பெரியப்பா ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. பனங்கிழங்கு கீழே இறங்கும். ஊருக்குக் காட்ட வைத்த கொட்டைகளுக்கு அது ஊருக்குக் காட்டத்தான் என்று யாரும் சொல்லவில்லை. அவை ஒழுங்காக முளைத்து, வெள்ளை வெளேரென்று விரல் விரலாக வைக்கோலையும் இரண்டு பாயையும் துளைத்துக்கொண்டு சாக்குக்குள்ளேயே இறங்கியிருந்தன. அவை போன வழியால் மழைத் தண்ணீரும் போயிருந்தது. அப்பா மேல் வரிசை மூட்டை ஒன்றைக் கத்தியால் கீறினார். ஆவி பறந்தது. உள்ளே ஒவ்வொரு நெல்லிலும் பால்பல் மாதிரி ஒரு முளை.

மேல் வரிசை முழுவதும் அப்படித்தான். அடி வரிசையில் பாதி தப்பியிருந்தது. பெரியப்பா ஒரு பிடி முளை நெல்லைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடியே நின்றார். அம்மா கிடங்கின் கரையில், சேற்றிலேயே இருந்துவிட்டார்.

"மாசி மட்டும் இந்தப் பிள்ளைக்கு என்னத்தைக் குடுக்கிறது?" என்று கேட்டார். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை.

முளைவிட்ட நெல் சோறாகாது. திரும்பக் காயவைக்க வெயிலும் இல்லை. எங்கள் மூன்று ஏக்கருக்கு விதைத்தாலும் அதில் கொஞ்சம்தான் தேவை, மிச்சம் நாளைக்கோ மறுநாளோ புளித்து அழுகிவிடும். சண்டை வந்தால் பட்டினி என்று பெரியப்பா சொன்னது எங்கள் வீட்டில் மட்டும் பலிக்கப் போகிறது என்று எனக்குத் தோன்றியது. மரவள்ளிக்கிழங்கை நினைத்து அழத் தொடங்கினேன்.

அன்று வெள்ளிக்கிழமை. வேலிப் பொட்டால் சுளகோடு மாமி வந்தார்.

ஓடி மறைக்க நேரமில்லை. மறைக்கக்கூடிய பொருளும் இல்லை. திறந்த கிடங்கு, கீறிய சாக்கு, சேற்றில் அம்மா, ஆவி பறக்கும் நெல், அதைக் கையில் வைத்திருக்கும் பெரியப்பா. இத்தனை கிழமையாக இல்லாதவர்களுக்கென்று தான் கொடுத்த அரிசியை மாமி கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தார். கொடியில் காயும் உடுப்பைப் பார்ப்பது மாதிரித்தான் பார்த்தார். பிறகு சுளகை என் கையில் தந்துவிட்டுக் குனிந்து ஒரு பிடி முளை நெல்லை எடுத்து மணந்தார்.

"முளை நல்லா வந்திருக்குது. எனக்கு ரெண்டு கடகம் தருவியளே? எங்கட விதையை எலி கொண்டுபோட்டுது. காஞ்ச நெல்லுத் தாறன், கடகத்துக்குக் கடகம்."

அம்மா நிமிர்ந்து பார்த்தார். மாமி பதிலுக்கு நிற்கவில்லை, ஓலைக் கடகம் எடுத்துவரப் போய்விட்டார்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அன்றைக்கு அது நல்லதாய்ப் போயிற்று. உச்சிப் பொழுதுக்குள் ஒவ்வொரு வீடாக வரத் தொடங்கினார்கள், தலையில் காய்ந்த நெல்லோடு. ஒருவருக்கு விதைநெல்லைப் பூச்சி அரித்துவிட்டது. இன்னொருவர் ஊறவைக்கவே மறந்துபோனார். இன்னொருவர் வீட்டில் மாடு அவிழ்ந்து வந்து விதைமூட்டையைத் தின்றுவிட்டது. ஒரே நாளில் ஒரு குடியேற்றம் முழுக்க இப்படி ஒரு கேடு வருமா என்று எனக்கு ஒரே ஆச்சரியம். எவ்வளவு கவனமில்லாத சனங்கள் என்று நினைத்தேன். பெரியப்பாவும் முதலில் அப்படித்தான் நினைத்தார் போலும். மெல்ல மெல்லக் குரல் திரும்பி வந்து, விதைநெல்லை எப்படிப் பாதுகாக்கவேண்டும் என்று பூச்சி அரித்தவருக்கு விளக்கம் சொல்லத் தொடங்கிவிட்டார். அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். ஊறிய நெல் பருத்திருக்கும், அளவு கொஞ்சம் கழிக்கவேண்டும் என்று அப்பா சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கடைசியாக நானாவின் வண்டி வந்தது. அதில் இரண்டு மூட்டை நெல்.

"என்ர விதை முளைக்கேல்லை அண்ணை. உங்கடதைத் தாங்கோ."

விதை பற்றிய விளக்கத்தின் நடுவில் நின்ற பெரியப்பா அப்படியே நின்றுவிட்டார். நானாவின் முகத்தைப் பார்த்தார். வாசலில் குவிந்திருந்த கடகங்களைப் பார்த்தார். ஏதோ ஒரு கணக்கை மனதுக்குள் முதலிலிருந்து திரும்பக் கூட்டுகிற மாதிரி அவருடைய உதடுகள் அசைந்தன. நானா வண்டியிலிருந்து ஒரு மூட்டையை முதுகை வளைத்து இறக்கி, அதன் ஒரு பக்கத்தைப் பெரியப்பாவின் கையில் சாய்த்தார். பெரியப்பா இரண்டு கையாலும் அதைத் தாங்கிக்கொண்டார்.

"தூக்கிப் பாருங்கோ அண்ணை," என்றார் நானா. "இது பஞ்சு இல்லை."

யாரும் சிரிக்கவில்லை. பெரியப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவருடைய மேல்சட்டை இல்லாத வயிறுதான் முதலில் குலுங்கியது. பிறகு தோள். மூட்டையைப் பிடித்தபடி, கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தார். அதன் பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சேற்றுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், சிரித்துச் சிரித்து அது அழுகையாக மாறி, திரும்பவும் சிரிப்பானது. ஏன் என்று தெரியாமல் நானும் சிரித்தேன். மரவள்ளிக்கிழங்கு தின்னத் தேவையில்லை என்பது மட்டும் விளங்கிவிட்டது. அந்த நிம்மதி எனக்கு இன்றைக்கும் உடம்பில் ஞாபகம் இருக்கிறது. அன்று மத்தியானம் மாமியின் அரிசியில் மூன்று தரம் சோறு வாங்கித் தின்றேன்.

அந்த மாலையே எங்கள் வயலில் விதைத்தார்கள். பெரியப்பாவே சேற்றில் இறங்கி, கடகத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வீசினார். காலபோகம் நன்றாகவே விளைந்தது. மாசியில் நெல் வந்ததும் அவர் செய்த முதல் வேலை, வளவின் பின்பக்கத்தில் கட்டுவதாக இருந்த கொம்பறையை ஒழுங்கைக்கு முன்னால், போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்கக் கட்டியது. கதவு வைத்தார், பூட்டு வைக்கவில்லை. பாகிஸ்தானைப் பற்றி நானாவிடம் அதன் பிறகு விளக்கம் கேட்டதில்லை. கிடங்கை மண்ணால் நிரப்பித் திரும்பப் புதைத்திருந்த கொட்டைகளின் கிழங்கில், மாமிக்குப் பொங்கலுக்கு முன்பே ஒரு கட்டுக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தார். அந்த முறை கிழங்கு நல்ல நீளம்.

நான் பிறகு ஒரு வயல்காரருக்கே வாழ்க்கைப்பட்டேன். ஓர் ஐப்பசியில், வாய்க்காலில் ஊறிய விதைமூட்டையின் கல்லை எடுத்துவிட்டு அதைக் கரைக்கு இழுத்தபோது, கை மூட்டையிலேயே நின்றுவிட்டது. நான் காலை வைத்து அமத்தி விளையாடிய அந்த மூட்டைகள் நினைவுக்கு வந்தன. நீல முடிச்சுப் போட்ட மூட்டை. நானாவின் பெரிய மூட்டைகள். எலியும் பூச்சியும் மாடும் தொடாமல், விதைப்புக்கு அளவாக ஊறிக்கொண்டு கிடந்த எல்லாருடைய விதையும். அவர்களில் ஒருவருக்கும் எங்கள் நெல் தேவைப்பட்டிருக்கவில்லை.

அன்றைக்கு எனக்கு அது தெரியாது. அடுத்த கிழமை சுளகைத் திருப்பிக் கொடுக்க வேலிப் பொட்டால் மாமி வீட்டுக்குப் போனபோது, முற்றத்தில் எங்கள் முளை நெல் ஒரு பாயில் கொட்டிக் கிடந்தது. மாமியின் கோழிகள் அதைச் சுற்றி நின்று ஆசைதீரக் கொத்திக்கொண்டிருந்தன. எனக்கு வந்த கோபத்தில் கல் எடுத்து எறிந்தேன். கோழிகள் கத்திக்கொண்டு பறந்தன. குசினிக்குள் இருந்து மாமி வெளியே வந்தார்.

நெல்லை இப்படி வீணாக்கக்கூடாது, சண்டை திரும்ப வந்தால் தெரியும் அதன் அருமை, பெரியப்பா சொல்லியிருக்கிறார் என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னேன். மாமி என் கையிலிருந்த சுளகை வாங்கி, சிதறிய முளை நெல்லைக் கூட்டிப் பாயில் போட்டார்.

"ஓம் பிள்ளை," என்றார். "பெரியப்பா சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

பெரியவர் ஒருவருக்குப் புத்தி சொல்லித் திருத்திவிட்ட பெருமையோடு நான் வீட்டுக்கு ஓடினேன்.